“சாப்பிட்டியா, தூங்கினியா” என்று முதலில் கேளுங்கள்

(வெளியிடங்களில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, கடைக்குப் போக என்று ஆயிரம் வேலை கிடக்கிற நாள். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதற்கு முதலில் எங்கள் நன்றி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாங்கள் டாக்டர் இல்லை. நாங்களும் இதே மாதிரி ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்து, உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர்கள்தான். ஆனால் 20 வருடமாகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறோம். ஆஸ்பத்திரி டாக்டர்மாரோடும் மிட்வைப் அம்மாமாரோடும் சேர்ந்து வேலை செய்கிறோம். அதில் கண்டதையும் கற்றதையும், நாங்கள் விட்ட ஒரு பிழையையும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

விஷயம் இதுதான்: வெளியில் தங்கிப் படிக்கிற எங்கள் பெண் பிள்ளைகளின் மனசும் உடம்பும்.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

இங்கே இருக்கிற பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்க. அவங்க காலத்தில் தோட்டத்துப் பாடசாலை என்றால் ஒரே மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பெண் பிள்ளை கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும், இல்லாவிட்டால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும். 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. நாங்கள் படிக்கும்போதுகூட எங்கள் லயத்தில் சாதாரண தரம் பாஸ் பண்ணின பெண் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இன்றைக்கு அப்படி இல்லை. அட்டனில், நுவரெலியாவில், பண்டாரவளையில், பதுளையில் விடுதியிலோ போர்டிங்கிலோ தங்கி உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறாங்க. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிள்ளைகள் இருக்கிறாங்க. பேராதனைக்கும், யாழ்ப்பாணத்துக்கும், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் போன பிள்ளைகள் இருக்கிறாங்க. நேர்ஸ் பயிற்சிக்கும் தொழில் பயிற்சிக்கும் போயிருக்கிறாங்க. பெருமையான விஷயம்.

ஆனால் பெருமைக்குள்ளே ஒரு பாரமும் இருக்கிறது. அந்தப் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று நாங்கள் யோசிப்பதில்லை. எங்களுக்கே அது ஒரு பெனர் மூலமாகத்தான் புரிந்தது.

சந்தியில் கட்டின பெனர்

சில வருடங்களுக்கு முன் நடந்தது. பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அந்தத் தோட்டத்தில் அவள்தான் முதல் ஆள். எங்களுக்குக் கால் தரையில் படவில்லை. தப்பு அடித்து மாலை போட்டோம். பயணப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பிரதான வீதியில் தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தியில், அவளுடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, எங்கள் தோட்டத்தின் பெருமை என்று எழுதி ஒரு பெனர் கட்டினோம். கட்டினது நாங்கள்தான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா எங்களைத் தேடி வந்தார். “ஐயா, புள்ள வந்து நாலு நாளாச்சு. காம்பராவ விட்டு வெளிய வரமாட்டேங்குது. ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே கெடக்குது. தலை வலிக்குதுங்குது, நெஞ்சு அடைக்குதுங்குது. ஒரு வாய் சாப்பிடல” என்றார்.

அப்பாவுக்குச் சந்தேகம், ஏதாவது காதல் விவகாரமோ என்று. பாட்டி சொன்னார், கண் பட்டுவிட்டது, அந்தப் படத்தை ஊரே பார்த்ததே என்று. பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னார், “படிச்ச திமிரு, அம்மாவுக்கு ஒரு கை வேலை செய்ய மாட்டேங்குது” என்று.

நாங்கள் என்ன செய்தோம்? போய் அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, “தைரியமா இரு மகள். இந்தத் தோட்டமே உன்னைத்தான் நம்பி இருக்கு” என்றோம். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த நாள் ராத்திரி அந்த அம்மா ரொட்டி சுட்டு, அவள் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, “நீ படிச்சாலும் படிக்காட்டியும் என் புள்ளதான். இத மட்டும் சாப்பிடு” என்றிருக்கிறார். அவ்வளவுதான். பிள்ளை அழத் தொடங்கி, விடிய விடியப் பேசியிருக்கிறாள்.

விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் படித்த பிள்ளைக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். சீனியர்மார் சிலர் தோட்டத்துப் பேச்சைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். விடுதி இடம் கிடைக்காமல் போர்டிங்கில் ஒரு அறைக்குள் நாலு பேர். கைக்கு வந்த உதவிப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள். அதற்காகக் காலையில் பிஸ்கட்டும் பிளேன்டீயும், ராத்திரியில் ஒரு பணிஸ். பாடத்தைப் பிடிக்கிறேன் என்று ராத்திரி 2 மணி, 3 மணி வரைக்கும் முழிப்பு.

இன்னொன்றும் சொன்னாளாம். வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் எங்கள் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அதற்கு முந்தின ஹோல்ட்டிலேயே இறங்கி, இருட்டில் தேயிலைக்குள்ளால் நடந்து வந்திருக்கிறாள். அந்தப் பெனரைப் பார்க்க முடியாமல்.

அம்மா இதை எங்களிடம் வந்து சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்குப் பின்னேரமே போய்ப் பெனரை அவிழ்த்தோம். மறுநாள் அம்மாவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக்கூடாது. அவளுக்கு 9க்கும் கீழே. அதோடு மனச்சோர்வு நோயும் இருக்கிறது என்று மனநல டாக்டர் சொன்னார். இரும்புச்சத்துக் குளிசை, மனசுக்கு மருந்து, கிழமைக்கு ஒரு தரம் பேச்சு. சில மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு திரும்பிப் போனாள். ஒரு வருடம் பிந்திவிட்டது. பிந்தினால் பிந்தட்டும். இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாங்கள் எந்தப் பிள்ளைக்கும் சந்தியில் பெனர் கட்டுவதில்லை. அந்தக் காசுக்குப் புத்தகமும் குடையும் வாங்கிக் கொடுக்கிறோம்.

இது சோம்பல் இல்லை, நோய்

மனச்சோர்வு என்பது ஒரு நோய். காய்ச்சல் மாதிரி, சீனி வியாதி மாதிரி. மனநோய்களில் பெரும்பாலானவை முதன்முதலில் தலைகாட்டுவது 25 வயதுக்கு முன்தான். அதாவது பிள்ளைகள் படிக்கிற வயசில்தான். பெண்களுக்கு மனச்சோர்வு ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்து பாடசாலை மூடியபோது இவங்க சின்னப் பிள்ளைகள். சிக்னல் தேடிப் பாறை மேலேயும் மேட்டு லயத்துக்கு மேலேயும் ஏறி உட்கார்ந்து போனில் படித்தது நினைவிருக்கும். 2022இல் கரண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை, வீட்டில் சாமான் வாங்கக் காசும் இல்லை. படிப்பின் அடித்தளம் போட வேண்டிய வருடங்கள் இப்படிப் போயின. அந்தக் குறையோடுதான் இவங்க மேலே படிக்கப் போயிருக்கிறாங்க. ஒரு பிள்ளை “எனக்கு விளங்கல” என்றால் அது மண்டையில் மூளை இல்லாததால் இல்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரு நாள் இரண்டு நாள் சோர்ந்து கிடப்பது எல்லாருக்கும் வரும். கீழே சொல்கிறவற்றில் பல சேர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

தூக்கம் வராமல் போவது, அல்லது எந்நேரமும் தூங்குவது. சாப்பாடு இறங்காமல் போவது, அல்லது அளவு தெரியாமல் சாப்பிடுவது. முன்பு விருப்பமாகச் செய்த பாட்டு, கோலம், கோயில், சிநேகிதி எல்லாவற்றையும் விட்டுவிடுவது. சின்ன விஷயத்துக்கும் கோபம், அழுகை. “நான் ஒண்ணுக்கும் உதவாதவ” என்ற பேச்சு. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது. எந்தச் சோதனையிலும் காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சடைப்பு.

அந்தக் கடைசிக் குறியை நன்றாக மனசில் வையுங்க. எங்கள் ஆட்கள் “மனசு சரியில்லை” என்று சொல்வது குறைவு. “தலை வலிக்குது” என்றுதான் சொல்வோம்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கயிறு கட்டுங்க, விபூதி போடுங்க, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்துங்க. ஆனால் அதே கிழமையில் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்க. ஒன்று இன்னொன்றுக்குத் தடை இல்லை.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளை போன் எடுத்தால் நாங்கள் முதலில் என்ன கேட்கிறோம்? “சோதனை எப்படி? எத்தனை மார்க்ஸ்? எப்ப முடியும்? எப்ப வேலை கிடைக்கும்?” இதைத்தான். பிள்ளை என்ன சொல்லும்? “ஆமா அம்மா, நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடும்.

கேள்வியை மாற்றுங்க. “சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? ராத்திரி தூங்கினியா? யாரோட பேசின?” இந்த நாலையும் முதலில் கேளுங்க. பதில் வருகிற விதத்திலேயே உங்களுக்குத் தெரியும். காலையில் இருந்து பிளேன்டீ மட்டும் என்றால் ஏதோ சரியில்லை. மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை என்றால் ஏதோ சரியில்லை. மார்க்ஸ் கதையைப் பிறகு பேசலாம்.

இரண்டாவது, வீட்டுக் கஷ்டம் எல்லாவற்றையும் போனில் கொட்ட வேண்டாம். அப்பா குடித்தது, கடைக்காரர் கடன் கேட்டது, தம்பி பாடசாலைக்குப் போகாதது. அவளால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டு கிடப்பாள். முழுவதும் மறைக்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும். “கஷ்டம் இருக்கு, நாங்க பாத்துக்கிறோம், நீ உன் வேலையப் பாரு” என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, லீவில் வந்தால் முதல் நாளே வேலை ஏவாதீங்க. வீட்டு வேலை செய்ய வேண்டும்தான். அண்ணன் தம்பியும் செய்ய வேண்டும். பெண் பிள்ளை மட்டும் நாலு மணிக்கு எழும்பித் தண்ணி பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டுப் பிறகு படிக்க உட்கார்ந்தால் அந்தப் படிப்பு எப்படி ஏறும்?

நாலாவது, அப்பாமாருக்கு. பிள்ளை சோர்ந்திருந்தால் உடனே காதல் என்று முடிவுகட்டி, படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க. அப்படிச் செய்தால் அடுத்த பிள்ளையும் வாயைத் திறக்காது. காதலாகவே இருந்தாலும், பேசித் தீர்க்கிற விஷயம்தான். சத்தம் போட்டால் பிள்ளை ஒளிக்கப் பழகும்.

ஐந்தாவது, தோற்றால் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்க. “ஒரு தரம் பெயிலானா மறுபடி எழுதலாம். அதுக்காக நாங்க உன்னை வெறுக்க மாட்டோம்” என்று. நாங்கள் மனசில் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் வாயால் சொல்வதில்லை. சொல்லாதது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கவ்வாத்து வெட்டின மலையைப் பார்த்திருக்கிறீங்க. குச்சியும் கட்டையுமாக, செத்துப்போன மாதிரி நிற்கும். யாராவது அதில் போய் அன்றைக்கே கொழுந்து கேட்பார்களா? மரத்துக்குக் கொடுக்கிற தவணையைப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளே, இது உங்களுக்கு

முதலில் தூக்கம். உயர்தரம் படிக்கிற வயசுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். 18 வயசுக்கு மேல் 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. படித்ததை மூளை பதிந்து வைப்பது தூக்கத்தில்தான். விடிய விடிய முழித்துப் படித்துவிட்டுச் சோதனைக்குப் போனால், அறுத்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கீழே போட்டுக்கொண்டு போன கதைதான். முடிந்தவரை ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழும்புங்க. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். போனைத் தலையணைக்குக் கீழே வைக்காமல், கை எட்டாத இடத்தில் வையுங்க.

இரண்டாவது சாப்பாடு. காலைச் சாப்பாட்டை விடாதீங்க. காசு குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நூடில்ஸ் பக்கெட்டுக்கும் பணிஸுக்கும் கொடுக்கிற காசில் அவித்த கடலை வாங்கலாம், பருப்பு வாங்கலாம். நெத்தலிக் கருவாடும், முருங்கைக்கீரை, பொன்னாங்காணி மாதிரிக் கீரையும், கிழமைக்கு இரண்டு மூன்று முட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. நாலு பேர் ஒரு அறையில் இருந்தால் காசைச் சேர்த்து ஒரே பானையில் சமையுங்க. செலவும் குறையும், சாப்பாட்டு நேரத்தில் பேச ஆளும் இருக்கும்.

இரத்தச்சோகை இருந்தால் களைப்பு வரும், மூச்சு வாங்கும், தலை சுற்றும், படிப்பில் மனசு நிற்காது. மாதவிலக்கில் கூடுதலாக இரத்தம் போகிற பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும். களைப்பு மாறாவிட்டால் ஒரு இரத்தச் சோதனை செய்யச் சொல்லி டாக்டரைக் கேளுங்க.

இங்கே ஒரு விஷயம். நாங்கள் பறிக்கிற தேயிலையை நாங்களே குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகத்தான் சேரும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்க. அதற்குப் பதிலாகச் சாப்பாட்டோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ தேசிக்காய்ச் சாறோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். குளிசை தந்திருந்தால் அதையும் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க.

மூன்றாவது நடை. உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தரம் மலை ஏறி இறங்குகிறார்? நீங்க கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறீங்க. ஒரு நாளைக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் வேகமாக நடந்தாலே மனசும் இலேசாகும், தூக்கமும் வரும். சிநேகிதியோடு நடந்தால் இன்னும் நல்லது.

நாலாவது, பதற்றம். சோதனை மண்டபத்தில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மூச்சை மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்க. ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு இறங்கும். காசு செலவு இல்லாத வைத்தியம்.

ஐந்தாவது, பகிடிவதை. அது விளையாட்டு இல்லை, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை செய்கிறவருக்குச் சிறைத்தண்டனை கிடைக்கலாம். பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் பேச்சும் உங்கள் லயமும் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இல்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்க. அதேபோல யாராவது உங்கள் படத்தை வைத்துக்கொண்டு போனில் மிரட்டினால், பயந்து காசு அனுப்பாதீங்க. வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லுங்க, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குச் சொல்லுங்க. அம்மாமாரே, அப்படிப் பிள்ளை வந்து சொன்னால் முதலில் பிள்ளைக்கு அடிக்காதீங்க. பிழை மிரட்டுகிறவனுடையது.

எங்கே போவது?

பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்கு ஒரு டீச்சர் இருந்தால் அவரிடம் போகலாம். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் உளவளத்துணை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் மிட்வைப் அம்மாவிடம் சொல்லலாம், எங்களிடம் சொல்லலாம். ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மனநல கிளினிக் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. “பைத்தியக்கார வார்டு” என்ற பேச்சை விட்டுவிடுங்க. அங்கே வருகிறவர்களில் அதிகம் பேர் மருந்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள்தான்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். இரண்டு நாள் குடித்துவிட்டுச் சுகமில்லை என்று நிறுத்தாதீங்க. சுகம் வந்துவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்கிற வரைக்கும் தொடர வேண்டும்.

ராத்திரியில் யாரும் இல்லாத நேரத்தில் பேச வேண்டுமென்றால் 1926க்கு எடுக்கலாம். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் ஆள் இருக்கும். 1333 என்ற இலக்கமும் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். 1974இல் இருந்து சேவை செய்கிற சுமித்ரயோ அமைப்பும் இருக்கிறது.

சொல்லக் கஷ்டமான ஒரு விஷயம்

இதைச் சொல்லாமல் போனால் இன்றைய பேச்சு முழுமையாகாது. எங்கள் தோட்டங்களில் நாங்கள் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் இருக்கிற சிலருக்கு அந்த வலி தெரியும்.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே கூடின கணக்குகளில் ஒன்று அது. பிறகு ஆபத்துக் கூடின கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அந்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. இதில் எங்களுக்கு என்ன பாடம்? அந்த எண்ணம் வருகிற வேகத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால், அந்த நேரம் கடந்து போகிறது. கடந்து போனவர்களில் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள்.

ஆகவே, மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் காம்பராவுக்குள் வைக்காதீங்க. பூட்டு போட்ட பெட்டியில், வீட்டுக்கு வெளியே வையுங்க. வீட்டில் மிஞ்சின குளிசைகளையும் சேர்த்துவைக்காதீங்க.

ஒரு பிள்ளை “செத்துப் போனா நல்லது” என்று சொன்னால், சும்மா மிரட்டுகிறாள் என்று விடாதீங்க. நேராகக் கேளுங்க: “சாகணும்னு நெனைக்கிறியா மகள்?” என்று. கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் பிள்ளை மனசைத் திறக்கும். தனியாக விடாதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. அவசரமென்றால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்து லொறி எப்ப வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

முடிவாக

வீட்டுக்குப் போனதும் மறக்காமல் இருக்க இதை மட்டும் மனசில் வையுங்க.

1. மார்க்ஸ் கேட்பதற்கு முன் சாப்பாடும் தூக்கமும் கேளுங்க.
2. சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்க.
3. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தேத்தண்ணி.
4. பெயிலானாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று வாயால் சொல்லுங்க.
5. மருந்தையும் குளிசையையும் பூட்டி வையுங்க.
6. 1926, 1333, 1938, 1990: இந்த நாலு இலக்கத்தையும் சுவரில் எழுதி ஒட்டுங்க.

அந்தப் பிள்ளை போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் சந்தியிலேயே இறங்கினாள். பை ஒரு கையில், தங்கச்சிக்கு வாங்கின சட்டைப் பார்சல் மறு கையில். எங்களைக் கண்டதும் சிரித்துவிட்டு, “ஐயா, இப்ப அம்மா போன் எடுத்தா முதல்ல என்ன கறின்னுதான் கேக்குது. பொய் சொல்லவே முடியல” என்றாள்.

அந்த அம்மா பாடசாலைக்கே போனதில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்காததை அவர் ஒரு ரொட்டித் தட்டோடு கண்டுபிடித்தார். உங்களாலும் முடியும்.

தனியாகப் பேச விரும்புகிற அம்மாமாரும் பிள்ளைகளும் கூட்டம் முடிந்ததும் பிள்ளை மடுவத்துக்கு வாங்க. மிட்வைப் அம்மாவும் அங்கே இருப்பார். பேசுவது எங்களுக்குள்ளேயே இருக்கும்.